உச்சிக்குழி வழியே பார்த்தவள்

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அர்ச்சுனன் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, என் தங்கை மகளோடு கடைசிவரை வேலை பார்த்த தம்பி டாக்டர் சந்திரமோகன் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என் தங்கை ஜானகியம்மாளே, காரிமங்கலத்திலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் கைக்குழந்தையோடு பஸ் மாறி இந்தப் பாப்பாரப்பட்டிக்கு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் மாயவனின் வணக்கம்.

எனக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் நான் எங்கே பேசி முடித்திருக்கிறேன்? எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். ஒன்பதாம் வகுப்பின் வாசலையும் பார்த்தவன். ஆனால் ஒன்று சொல்கிறேன், குழந்தைகளின் மூளை இரத்த ஓட்டத்தைப் பற்றி இந்த மேடையிலிருக்கும் டாக்டர்களுக்கு அடுத்தபடியாக இந்த மாவட்டத்தில் அதிகம் தெரிந்தவன் யார் என்றால், அது நான்தான். டாக்டர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவளும் இப்படித்தான் சிரிப்பாள்.

டாக்டர் பிரியதர்ஷினி. எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர். இந்தக் கல்யாண மண்டபத்தின் பின்பக்க அறையில் சனிக்கிழமைதோறும் உங்கள் பிள்ளைகளின் தலையைப் பார்த்தவள். போன செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டாள். நேற்றுதான் பால் தெளித்தோம். இரங்கல் கூட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமே என்று ஐயா கேட்டார். நான்தான் சனிக்கிழமையே வையுங்கள் என்றேன். ஏன் சொன்னேன்? சனிக்கிழமை என்றால் நீங்கள் வருவீர்கள். அவள் இருந்தாலும் வருவீர்கள், இல்லாவிட்டாலும் வருவீர்கள். தேதி போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் இல்லையா?

அப்படித் தேதி வாங்கிய குழந்தை ஒன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறது. கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், அம்மா மணிமேகலையின் தோளில். பெயர் தமிழ்ச்செல்வன். வயது மூன்று மாதம். தலையில் நீர் கோத்திருக்கிறது. "அடுத்த சனிக்கெழம பாத்துட்டு முடிவு சொல்றேன், தள்ளிப் போட்டுடாதீங்க" என்று பிரியா சொல்லியிருந்தாள். அந்த அடுத்த சனிக்கிழமை இன்றைக்கு. சொன்னவள் படத்தில் மாலையோடு இருக்கிறாள். குழந்தையின் தாத்தா பெரியண்ணன் காலையில் வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டார், "அந்தம்மாவே போயிட்டாங்க, இனிமே எதுக்கு மாயவா, படத்துக்குப் பூவப் போட்டுட்டுக் கெளம்பறோம்" என்று. அவர் இன்னும் கிளம்பவில்லை. அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன்.

முதலில் அவள் என்ன வேலை செய்தாள் என்று சொல்ல வேண்டும். துக்கத்துக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்கள் பலருக்கு அது தெரியாது. தலையை ஸ்கேன் எடுக்கிற டாக்டர் என்று மட்டும்தான் தெரியும்.

மூளையைச் சுற்றி நம் எல்லோருக்கும் நீர் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும் என்று அவள் கேலி செய்வாள். அந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டே இருக்கும். சில குழந்தைகளுக்கு வடிகிற வழி அடைத்துக்கொள்ளும். நீர் தேங்கும். பச்சைக் குழந்தையின் மண்டை இன்னும் இறுகாத மண்டை, அதனால் தலை பெருத்துக்கொண்டே வரும். நம் ஊரில் என்ன சொல்வோம்? "புள்ளைக்கு மண்ட பெருசு, கலெக்டர் ஆயிருவான்" என்று திருஷ்டிப் பொட்டு வைத்துக் கொஞ்சுவோம். உள்ளே நீர் மூளையை அழுத்திக்கொண்டிருக்கும்.

எல்லாப் பெரிய தலைக்கும் ஆபரேஷன் தேவையில்லை. சிலது தானே நின்றுவிடும். சிலது நிற்காது. எது நிற்கும், எது நிற்காது? அதைத்தான் அவள் பார்த்தாள். உச்சிக்குழி இருக்கிறதே, நாமெல்லாம் விளக்கெண்ணெய் வைக்கிற இடம், அதன்மேல் ஒரு சின்னக் கருவியை வைப்பாள். எலும்பு இல்லாத இடம். அதன் வழியாக உள்ளே மூளையும் தெரியும், நீரும் தெரியும், இரத்தம் ஓடுவதும் தெரியும். "இது சன்னலு மாமா. ஒன்ற வருசத்துல சாத்திக்கும். சாத்தறதுக்குள்ள பாத்துக்கணும்" என்பாள். திரையில் சிவப்பு வந்தால் இரத்தம் நம்மை நோக்கி வருகிறது, நீலம் வந்தால் விலகிப் போகிறது. நீர் அழுத்த ஆரம்பித்தால் இரத்தம் போகச் சிரமப்படும். அந்தச் சிரமம்தான் கணக்கு. தலை எவ்வளவு பெரிது என்பது மட்டும் போதாது. உள்ளே இரத்தம் நிம்மதியாகப் போகிறதா? அதுதான் அவள் கேட்ட கேள்வி. வாழ்நாள் முழுக்க அந்த ஒரே கேள்வியைத்தான் ஒவ்வொரு தலையிலும் கேட்டாள்.

இதற்காக அவளை டெல்லியில் கூப்பிட்டார்கள். லண்டனில் கூப்பிட்டார்கள். ஜப்பானிலிருந்து விமான டிக்கெட்டோடு ஆள் வந்து எங்கள் வாசலில் காத்திருந்தான். என் தங்கை தலையை ஆட்டுகிறாள். சரி, ஜப்பானை விட்டுவிடுகிறேன். லண்டனையும் விட்டுவிடுகிறேன். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள், அது சத்தியம். போகவில்லை. "அங்க மெஷினுக்கு ஆள் இருக்கு மாமா. இங்க ஆளுக்கு மெஷின் இல்ல" என்றாள். ஒரு அறக்கட்டளைக்கு நடையாய் நடந்து கையில் தூக்கிப் போகிற ஒரு மெஷினை வாங்கினாள். பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றையும் வாங்கினாள். ஓட்ட ஆள் வேண்டும் என்றாள். டிராக்டர் முதல் ரோடு ரோலர் வரை ஓட்டியவன் நான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?

ஆனால் அவையோர்களே, நான் வெறும் டிரைவர் இல்லை. நான் ஸ்கேன் மெஷினின் பாதி. இதைக் கூட்டிச் சொல்லவில்லை. இங்கேயிருக்கிற தாய்மார்களைக் கேளுங்கள்.

ஆரம்பத்தில் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு குழந்தை. மேசையில் படுக்கவைத்ததும் ஒரே அலறல். அழுகிற குழந்தைக்குப் பார்க்கக் கூடாது. அழும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும், இரத்த ஓட்டம் தாறுமாறாகத் தெரியும். நல்ல குழந்தையும் கெட்டதாகத் தெரியும். பால் கொடுத்துப் பார்த்தார்கள், கிலுகிலுப்பை ஆட்டிப் பார்த்தார்கள். அந்தக் குழந்தையின் அம்மா யுவராணி அலுத்துப்போய்ச் சொன்னாள், "இவன் எங்கண்ணன் மடியிலதான் ஒக்காருவானுங்க. நேத்துதான் மாமன் மடியில வெச்சுக் காது குத்துனோம், அதுலேர்ந்து அந்த மடிய வுட மாட்டேங்கறான்" என்று. அவள் அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். பிரியா திரும்பி என்னைப் பார்த்தாள். வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். "மாமா, கையத் தொடச்சுட்டு வாங்க. இன்னிக்கு நீங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தாய்மாமன்" என்றாள்.

உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வாங்கினேன். ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தது, அப்படியே தூங்கிப்போனது. அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவள் எந்தக் குழந்தையையும் மேசையில் போட்டுப் பார்த்ததில்லை. கூடவந்த தாய்மாமன் இருந்தால் அவன் மடி. இல்லாவிட்டால் இந்த மடி. நம் ஊரில் மொட்டையடிக்க மாமன் மடி வேண்டும், காது குத்த மாமன் மடி வேண்டும். ஸ்கேனுக்கும் மாமன் மடி என்று வைத்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். சீனாவிலிருந்து வந்து இந்த மடியை அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று நான் சொல்வதுண்டு. ஆயிரம் குழந்தைகள் இதில் தூங்கியிருக்கிறார்கள் என்றும் சொல்வதுண்டு. "நூத்துச் சொச்சம்தான் மாமா. எங்க மாமா சொல்றதுல பாதிய எடுத்து, அதுலயும் பாதிய நம்புங்க" என்று எல்லோர் எதிரிலும் திருத்துவாள். கோபம் வந்தால், "கால ஆட்டாதீங்க, படம் கலையுது" என்பாள். குழந்தை மடிக்கு வந்தால் நம் கால் தானாகத் தாலாட்டும், அதற்கு நான் என்ன செய்வேன்?

கல்யாணம் பண்ணிக்கொள்ளம்மா என்றால், "இந்தப் பிள்ளைங்க தலையெல்லாம் பாத்து முடிக்கட்டும் மாமா" என்பாள். தலைகள் முடிகிற சமாச்சாரமா?

ஒன்றை மட்டும் அவள் எனக்கு அனுமதித்ததில்லை. பெற்றவர்களிடம் ஸ்கேனில் தெரிந்ததைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. ஒரு தாய் பயந்து நடுங்குகிறாளே, நல்லாயிருக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். "மத்ததுல எல்லாம் நீங்க எவ்வளவு பூ வெச்சுப் பேசினாலும் சரி. இதுல ஒரு இதழ்கூட வேணாம்" என்றாள். அவள் கெட்ட செய்தியைச் சொல்கிற விதம் எப்படித் தெரியுமா? குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். நேராகச் சொல்வாள். சொல்லிவிட்டு எழுந்து போகமாட்டாள். அவர்கள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். வெளியே வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துவிட்டு, தங்கள் முறை வரும்போது அதே மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கையைத் தூக்க வேண்டாம். உங்கள் முகமே சொல்கிறது.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மணிமேகலையும் அவள் கணவன் தர்மனும் வந்தார்கள். தர்மனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஒருநாள் லீவு போட்டு வந்திருந்தான். கூடவே தர்மனின் அப்பா பெரியண்ணன். மணிமேகலைக்கு உடன்பிறந்த ஆண் யாரும் இல்லை. ஆகவே தமிழ்ச்செல்வனுக்குத் தாய்மாமன் நான். மடியில் வாங்கினேன். பிரியா உச்சிக்குழியில் கருவியை வைத்துப் பார்த்தாள். மெல்ல, பூவைத் தொடுவதுபோல, சில நொடி அழுத்திப் பார்த்தாள். அப்படி அழுத்தும்போது நல்ல தலை தாங்கிக்கொள்ளும். தாங்கமுடியாத தலையில் இரத்த ஓட்டம் சட்டென்று குறையும். இவனுக்குக் குறைந்தது. மோசமாக இல்லை, ஆனால் முந்திய தடவையைவிடக் குறைந்தது.

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாம். அதுக்கு மேல இதே மாதிரி எறங்குச்சுன்னா சேலத்துல ஆபரேஷன் பண்ணிடணும். தலையிலிருந்து வயித்துக்கு மெல்லிசா ஒரு குழாய் உள்ளுக்குள்ளயே போகும், தண்ணி வடிஞ்சிரும். நடுவுல வாந்தி எடுத்தாலோ, கண்ணு கீழ எறங்கி எறங்கிப் பாத்தாலோ, சனிக்கெழமைக்குக் காத்திருக்காதீங்க. நேரா சேலம் போயிருங்க" என்றாள்.

பெரியண்ணன் கேட்டார், "ஆபரேசன்னா முடி எடுப்பாங்களாங்க?"

"குழாய் போற எடத்துல எடுப்பாங்க."

"அது ஆகாதுங்க. எங்க முனியப்பனுக்குத் தை மாசம் மொத முடி எடுக்கறதா வேண்டியிருக்கோம். அதுக்கு முன்னாடி கத்தி படக் கூடாதுங்க. தை வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

வேறு டாக்டராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கையெடுத்துக் கும்பிட்டு, எங்காவது போங்கள் என்றிருப்பார். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? முனியப்பன் என் கனவில் வந்து அனுமதி கொடுத்தார் என்று ஒரு போடு போட்டிருப்பேன். அவள் காதில் அதை மெதுவாகச் சொல்லவும் செய்தேன். ஒரு முறை முறைத்தாள், அவ்வளவுதான்.

பெரியண்ணனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். துண்டை எடுக்கச் சொன்னாள். அவர் கழுத்தில் கருவியை வைத்து மெஷினின் சத்தத்தைக் கூட்டினாள். சுர்ர்ர், சுர்ர்ர் என்று கேட்டது. "இது உங்க ரத்தம் மூளைக்குப் போற சத்தம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல கேளுங்க. நிக்குதா?" என்றாள். நிற்கவில்லை. மெலிந்து போனாலும் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் பேரன் தலையில் வைத்தாள். சுக். சுக். சுக். நடுவில் சத்தம் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி இருந்தது. "இந்த எடவெளியிலயும் ரத்தம் போகணுங்க. போகுது, ஆனா சிரமப்பட்டுப் போகுது. அது நின்னு போறதுக்கு முன்னாடி தண்ணிய வடிச்சுடணும். தை மாசத்துக்கு நாள் நெறைய இருக்குதுங்களே" என்றாள்.

பெரியண்ணன் பேரன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளே சொன்னாள், "எடுக்கற முடிய ஒரு இழை சிந்தாம மஞ்சத் துணியில கட்டிக் குடுக்கச் சொல்றேன். பூசையில வையுங்க. தை மாசம் கொண்டுபோயி முனியப்பனுக்கே போடுங்க. மாமன் மடியிலதான் எடுக்கணும்னா எங்க மாமா சேலத்துக்கே வருவாரு, ஆபரேஷன் ரூம் வாசல்ல அவரு மடியிலயே வெச்சு எடுக்கட்டும்."

பெரியண்ணன் துண்டைப் போட்டுக்கொண்டு, "யோசிச்சு வெக்கறனுங்க" என்றார். அவருடைய யோசனை எனக்குத் தெரியும். பாதி இறங்கியிருந்தார்.

சனி, ஞாயிறு, திங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் காரிமங்கலம் சந்தைக்குப் பக்கத்தில் கேம்ப். வேனை எடுத்தேன். முன்சீட்டில் உட்கார்ந்தவள், "மாமா, பின்னால போயிப் படுத்துக்கறேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் போனேன். யாரோ ஒருவர் வண்டியை ஓட்டினார், அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவள் தலை என் மடியில் இருந்தது. அவளுக்குக் காது குத்தியதும் இதே மடியில்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது அவள் இல்லை.

இதைப் பற்றி என்னிடம் கதை எதுவும் இல்லை. மன்னியுங்கள்.

தண்ணீர் கொடுங்கள்.

சொல்கிறேன். இப்போது ஊருக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. டீக்கடையில் ஓடுகிறது, சந்தையில் ஓடுகிறது. முனியப்பனுக்கு நேர்ந்த முடியில் கத்தி வைக்கச் சொன்னாள், மூன்றாம் நாள் முனியப்பன் பதில் சொல்லிவிட்டார் என்று. பெரியண்ணன் இதை என்னிடம் சொல்லவில்லை. அவர் மரியாதை தெரிந்தவர். ஆனால் அவர் கண் காலையில் இதைத்தான் சொன்னது. "இனிமே எதுக்கு" என்று அவர் கேட்டதன் அர்த்தம் இதுதான்.

பெரியண்ணன் அவர்களே, நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முனியப்பன் என்ன சாமி? காவல் சாமி. ராத்திரியெல்லாம் எல்லையில் உட்கார்ந்து பிள்ளைகளைக் காக்கிற சாமி. உங்கள் பேரனைக் காப்பாற்ற ஒருத்தி வழி தேடுகிறாள், அவளைப் பிடித்து அடிக்கிற சாமியையா நீங்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிறீர்கள்? உங்கள் சாமியைப் பற்றி ஊர் இவ்வளவு மட்டமாகப் பேசுகிறது, நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே.

இன்னொன்றும் சொல்கிறேன். இதை இதுவரை வெளியில் சொன்னதில்லை. பிரியாவுக்கு இருதயத்தில் கோளாறு. நேற்று வந்தது அல்ல. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூட்டுவலியும் காய்ச்சலுமாக வந்து, வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். என் தங்கைக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உங்களிடம் சொன்னால் டாக்டருக்கே நோயா என்று பயந்து பிள்ளையைக் கொண்டுவராமல் இருந்துவிடுவீர்கள் என்று சொல்லவிடவில்லை. தமிழ்ச்செல்வன் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே அந்த நோய் அவளுக்குள் இருந்தது. அப்படியிருக்க, இது எந்த முடிக்கு வந்த பதில்?

என்னங்க? பெரியண்ணன் எழுந்து நிற்கிறார். சத்தமாகப் பேசுகிறார். மேடைக்குக் கேட்கும்படி நானே சொல்கிறேன். "மாயவா, என் வூட்டு விசயத்த மைக்குல பேசற. ஜப்பான்காரன் வந்தான்னும் நீதான் சொன்ன, சீனாக்காரன் ஒன் மடிய அளந்தான்னும் நீதான் சொன்ன. இப்ப இருதயம்ங்கற. நீ சொல்றதுல எது நெசம்னு எவனுக்குத் தெரியும்" என்று கேட்கிறார்.

கேட்கவேண்டிய கேள்விதான். நான் சத்தியம் செய்தாலும் அதில் பாதியின் பாதிதான் தேறும் என்று ஊருக்கே தெரியும்.

என் தங்கை எழுந்திருக்கிறாள். நீ உட்காரு ஜானகி, உனக்கு முடியாது. கேட்க மாட்டேன் என்கிறாள். அவள் நான்கு நாளாகப் பேசவில்லை, குரல் இல்லை, பின்வரிசைக்குக் கேட்காது. அவள் சொல்வதை அப்படியே சொல்கிறேன், ஒரு எழுத்துக் கூட்டாமல். "எங்கண்ணன் ஆயிரம் அளப்பான், நெசந்தானுங்க. இது அளப்பு இல்லீங்க. மாசாமாசம் ஊசி போட ஆறாவது படிக்கறப்ப இருந்து நாந்தான் கூட்டிட்டுப் போனேன். சனிக்கெழம ராத்திரி சோத்த வெச்சுட்டு ஒக்காந்திருந்தா. என்ன கண்ணுன்னேன். அந்தப் பெரியவரு ஒத்துக்குவாரான்னு தெரியலம்மா, அந்தப் பையனுக்கு நாள் இல்லம்மான்னா. எம் பொண்ணுக்குத் தனக்கு நாள் இல்லேன்னு தோணல, ஒங்க பேரனுக்கு நாள் இல்லேன்னுதான் தோணுச்சுங்க."

இவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள்.

பெரியண்ணன் நிற்கிறார். நான் இதற்குமேல் அவரிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. அவர் நிற்கட்டும். அர்ச்சுனன் ஐயா மணியைப் பார்க்கிறார், கொஞ்சம் பொறுங்கள் ஐயா.

மணிமேகலை நடந்து வருகிறாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நாற்காலிகளை நகர்த்தி வழிவிடுங்கம்மா, குழந்தையின் தலை இடித்துவிடப் போகிறது. தர்மன் பின்னாலேயே பால் பையை எடுத்துக்கொண்டு வருகிறான். வாம்மா. "மாமா, தூங்கிட்டான். இப்பவே பாத்தர்லாமுங்களா, எழுந்தா அழுவான்" என்கிறாள். அவள் மாமனாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பெண் இதுவரை மாமனார் எதிரில் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

பெரியண்ணன் என்ன சொல்கிறார்? "டாக்டர் தம்பி" என்று கூப்பிடுகிறார். சந்திரமோகன் எழுந்திருக்கிறார். "பாருங்க. சத்தம் வெச்சே பாருங்க, நானும் கேக்கறேன். பாத்துட்டு என்னான்னு நேரா எங்கிட்ட சொல்லுங்க தம்பி. இவன் வழியா வேணாம்."

சரிங்க. என் வழியாக வேண்டாம். இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

சந்திரமோகன் தம்பி மெஷினை மேடைக்கே எடுத்துவரச் சொல்கிறார். பின்னறையில்தான் இருக்கிறது, செவ்வாய்க்கிழமையிலிருந்து உறை பிரிக்கவில்லை. அது வந்து சேர்வதற்குள் உங்கள் எதிரில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரங்கல் கூட்டம் என்றால் உறுதிமொழி வேண்டும் அல்லவா?

சனிக்கிழமை பாப்பாரப்பட்டி. செவ்வாய்க்கிழமை காரிமங்கலம். வியாழக்கிழமை பாப்பிரெட்டிப்பட்டி. கருவியைப் பிடிக்கிற கை இனி சந்திரமோகன் தம்பியின் கை. அவளிடம்தான் கற்றுக்கொண்டார், ஆனால் அவர் கை அவள் கை ஆகாது, அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நேற்று அதைச் சொல்லி அவர் அழுதார். என்னால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. நானும் அழுதேன். அழுதுவிட்டு வேனுக்குக் காற்று அடித்தோம். வண்டி நிற்காது. மடி இருக்கும். முட்டி தேய்ந்துபோகும் வரை இருக்கும். இன்றைக்கு இந்தக் குழந்தையைச் சேலம் அனுப்ப வேண்டும் என்று தம்பி சொன்னால், வேன் வாசலில் நிற்கிறது, டீசல் நிரம்பியிருக்கிறது. முடி எடுக்க வேண்டும் என்றால் மஞ்சள் துணி என் தங்கை வீட்டிலிருந்து வரும். வேண்டாம், இன்னும் பொறுக்கலாம் என்று சொன்னால், அதுவும் அவள் செய்த வேலைதான். பொறுக்கலாம் என்று சொல்லவும் அவள் பார்த்தாள்.

மெஷின் வந்துவிட்டது. அர்ச்சுனன் ஐயா, மாலையையும் விளக்கையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒயர் போகட்டும். எனக்கு ஒரு நாற்காலி, கை இல்லாத நாற்காலி. கொடும்மா குழந்தையை. நல்ல கனம். மூச்சு சீராக இருக்கிறது. பெரியண்ணன், இந்தப் பக்கம் வாங்க, இங்கிருந்தால் நன்றாகக் கேட்கும்.

சபையோர்களே, இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காப்பது நம் வழக்கம். இன்றைக்கு எழுந்திருக்க வேண்டாம், நாற்காலி சத்தம் போடும். உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். செல்போனை அணையுங்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுங்கள். ஒரு நிமிடம் போதாது, தம்பி போதும் என்று சொல்லும்வரை பேசாமல் இருங்கள். பிரியாவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான். அவள் போட்டுக் கொடுத்த தேதிக்கு அவள் பார்க்க வேண்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது.

நானும் நிறுத்திக்கொள்கிறேன். பேசினால் என் வயிறு குலுங்கும், இவன் எழுந்துவிடுவான். காலை ஆட்ட மாட்டேன். உள்ளே இரத்தம் எப்படி ஓடினாலும் அதை அந்த மெஷின் சொல்லட்டும்.

மைக்கை அணைத்துவிடுங்கள்.